முகத்தை மட்டும் பார்க்காதீங்க

தெருமுனை விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் பல் டாக்டர் இன்னொரு கம்பமாக நின்றுகொண்டிருந்தார். கைகள் இரண்டும் அக்குளுக்குள் பத்திரமாக இருந்தன. பார்வை வானத்தில் இருந்தது. காலடியில் ஒரு நாய் உட்கார்ந்திருந்தது.

சட்டைப் பையில் போன் அடித்தது. உடம்பு அசையாமல் இரண்டு விரலால் எடுத்துக் காதில் வைத்தார்.

"எங்க இருக்கீங்க?" என்றாள் மனைவி.

"முனையிலதான்."

"கிளம்பி எவ்வளவு நேரமாச்சு! இன்னும் முனையிலயா?"

"அது உக்காந்திருக்கு."

"உக்காந்தா உக்காரட்டும். நீங்க நடக்க வேண்டியதுதானே?"

"நான் நடந்தா அதுவும் நடக்குது."

"சரி, ஏன் இப்படிக் குசுகுசுன்னு பேசறீங்க?"

"அதுக்குக் கேட்டுடக் கூடாதுன்னுதான்."

மனைவி போனை வைத்துவிட்டாள். டாக்டர் மறுபடி மேகங்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

ஆசைப்பட்டு நடக்கக் கிளம்பிய மனிதர் இல்லை அவர். சர்க்கரை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "மூணு மாசம் டைம் தர்றேன். தினமும் காலையில வேர்க்க வேர்க்க நடங்க. அப்பவும் குறையலைன்னா இன்சுலின்தான். தினமும் வயித்துல நீங்களே குத்திக்கணும்." அதைக் கேட்டதும் நம் பல் டாக்டருக்கு அங்கேயே கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது.

வெளியில் சொன்னால் வெட்கக்கேடு. நாள் முழுக்க அடுத்தவர் ஈறில் ஊசி போடுகிறவர் அவர். "ஒண்ணும் இல்லைங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று அவர் சொல்லாத நாளே கிடையாது. ஆனால் தன் உடம்பில் ஊசி என்றால் மனிதர் ஆடிப்போய்விடுவார். ரத்தப் பரிசோதனைக்குப் போனால் மனைவி கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். போன தடவை பிடித்தும் பிரயோஜனம் இல்லை, நாற்காலியோடு சாய்ந்துவிட்டார். இந்த ரகசியம் அவருடைய கிளினிக்கில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் அப்புறம் யார் அவரிடம் வாயைத் திறப்பார்கள்?

ஆக, ஊசிக்குப் பயந்துதான் நடை. நடக்கப் போனால் நாய். நாய் கடித்தால் அதற்கும் ஊசி, அதுவும் ஒன்றோடு விடமாட்டார்கள். எந்தப் பக்கம் போனாலும் ஊசி முனையில்தான் போய் முடிகிறது என்று அவருக்கு அழுகையே வந்தது.

முதல் நாள் நாயைக் கண்டதும் யாருக்கும் தோன்றுவதுதான் அவருக்கும் தோன்றியது. ஓடினார். நாயும் ஓடி வந்தது. கேட்டைத் திறக்க நேரமில்லாமல் தாண்டிக் குதித்ததில் பேன்ட் கிழிந்தது. உள்ளே சாவகாசமாகக் காபி குடித்துக்கொண்டிருந்த மைத்துனன் ஓடி வந்து தூக்கிவிட்டான். அவன் ஓட்டக்காரன். கையில் பெரிய கடிகாரம் கட்டியிருப்பான், ஓடும் நேரத்தைவிட ஓட்டத்தைப் பற்றிப் பேசும் நேரம் அதிகம்.

"மாமா, ஓடினா நாய் துரத்தத்தான் செய்யும். அது அதோட சுபாவம். மரம் மாதிரி அப்படியே நில்லுங்க. கையை மடக்கி வெச்சுக்குங்க. முக்கியமா, முகத்தை மட்டும் பார்க்காதீங்க. பார்த்தா, சண்டைக்குக் கூப்பிடறோம்னு நினைச்சுக்கும்."

"முகத்தைப் பார்க்காம எதைப் பார்க்கறது?"

"உலகத்துல பார்க்கறதுக்கா பஞ்சம்? வானத்தைப் பாருங்க."

டாக்டருக்கு இது லேசான காரியம் இல்லை. அவருடைய பிழைப்பே அடுத்தவர் வாயைப் பார்ப்பதுதான். தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் திருதிருவென்று விழிப்பார். அந்த ஆள் சிரித்ததும்தான், "அடடே! மேல் வரிசை, இடது கடைவாய்! எப்படி இருக்கீங்க?" என்று முகம் மலரும். அப்படிப்பட்டவர், சொன்ன சொல் மாறாமல் வானத்தையும் தரையையும் மட்டும் பார்த்தார். இதனால் அந்த நாயின் கால்கள் நான்கும் அவருக்கு மனப்பாடம். பழுப்பு நிறம், முன்னங்கால் ஒன்றில் மட்டும் வெள்ளை, வால் கொஞ்சம் கோணல். கழுத்துக்கு மேல் அது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை.

மரமாக நின்றதில் ஒரே ஒரு கோளாறு, நாய்க்கு மரம் பிடித்துப்போய்விட்டது. வந்து பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. அது எழுந்து போகும் வரை நின்றுவிட்டு டாக்டர் கிளினிக் போய்ச் சேரும்போது தினமும் தாமதமானது.

அங்கே வாசல் பெஞ்சில் முதல் ஆளாக டிக்கெட் கவுண்டர்காரர் காத்திருப்பார். ரயில் நிலையத்தில் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து "வரிசையில வாங்க, வரிசையில வாங்க" என்று அதட்டியே காலத்தை ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். பல் எல்லாம் எடுத்தாகிவிட்டது, ஈறும் ஆறிவிட்டது. புதுப் பல் செட்டுக்கு அளவெடுக்க வேண்டியதுதான் பாக்கி. டாக்டர் தாமதமாக வருவதால் கூட்டம் சேர்ந்துவிடும். வலி தாங்காமல் வருகிறவர்களை உதவிப் பெண் முதலில் உள்ளே விட்டுவிடுவாள். கவுண்டர்காரரின் அளவு நாளைக்கு, மறுநாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனது.

"டாக்டர், நான்தான் முதல்ல வந்தேன்."

"தெரியுது சார். ஆனா பாவம், அவங்க வலியில துடிக்கறாங்க."

"பல்லு இருக்கறவங்களுக்கு வலிக்குது. எனக்கு வலிக்கறதுக்கு என்ன இருக்கு? பால்ல ஊறவெச்ச ரொட்டியைத் தவிர எதுவும் உள்ள இறங்கல டாக்டர். வரிசைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

அவர் கேட்டது நியாயம்தான். டாக்டர் தலை குனிந்துகொண்டு கையுறையை மாட்டினார்.

"கையில ஒரு தடியாவது எடுத்துக்கிட்டுப் போங்களேன்" என்றாள் மனைவி. மறுநாள் ஒட்டடைக் கம்போடு கிளம்பினார். பழுப்பு நாய் அதைச் சட்டையே செய்யவில்லை. ஆனால் தெருவில் அதுவரை தன்பாட்டுக்குப் படுத்திருந்த மற்ற நாய்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒன்று குரைக்க, அதைக் கேட்டு இன்னொன்று குரைக்க, மாடிகளில் ஜன்னல்கள் திறந்தன.

"ஏன் சார், காலங்காத்தால வாயில்லா ஜீவனை அடிக்கறீங்க?" என்று ஒரு அம்மாள் மேலிருந்து கேட்டாள்.

"நான் எங்கங்க அடிச்சேன்!"

"பின்ன அந்தக் கம்பு எதுக்கு?"

டாக்டர் கம்பை அங்கேயே போட்டுவிட்டு வீடு திரும்பினார். பழுப்பு நாயும் கூடவே வந்து கேட் வரை விட்டுவிட்டுப் போனது.

"பகையே வேண்டாம் மாமா, சிநேகம் பண்ணிக்குங்க" என்று மைத்துனன் இரண்டு பாக்கெட் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தான். டாக்டர் வானத்தைப் பார்த்தபடியே அள்ளி வீசினார். நறுக் நறுக்கென்று சத்தம் கேட்டது. எங்கிருந்தோ நாலைந்து நாய்கள் வந்து தின்றுகொண்டிருந்தன. பழுப்பு நாய் மட்டும் வாய் வைக்கவில்லை. அந்த வெள்ளைக் கால் பக்கத்தில் ஒரு பிஸ்கட் நக்கிய ஈரத்தோடு அப்படியே கிடந்தது. அன்றிலிருந்து அவருக்குப் பின்னால் ஒரு ஊர்வலமே வந்தது.

"பிஸ்கட்டை வேண்டாங்குதுன்னா என்ன அர்த்தம்?" என்று வீட்டுக்கு வந்து கெண்டைக்காலைத் தடவிக்கொண்டார். "வேற எதையோ மனசுல வெச்சிருக்குன்னு அர்த்தம்."

"உங்க காலு அவ்வளவு ருசியாவா இருக்கும்?" என்ற மனைவி, ஒரு கிண்ணத்தில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுப் பாலை ஊற்றினாள். "இதை வெச்சுப் பாருங்க. சாப்பிட்டுட்டு அது பாட்டுக்குப் படுத்துக்கும்."

கிண்ணத்தைக் கீழே வைத்த வேகத்தில் காலியாகிவிட்டது. வானத்தைப் பார்த்தபடியே டாக்டர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். மெல்லுகிற சத்தமே இல்லை. மடக் மடக்கென்று இறங்கியது.

"மெல்லக்கூட மாட்டேங்குது, அப்படியே முழுங்குது!" என்று போனில் அலறினார். "நாளைக்கு என்னையும் இப்படித்தான்!"

"உங்களை முழுங்க அதுக்கு வாய் பத்தாது. பேசாம நடங்க."

சாப்பிட்ட நாய் படுக்கவில்லை. நன்றியோடு அவர் பின்னாலேயே கிளினிக் வரை வந்து, வாசற்படியில் உட்கார்ந்துகொண்டது. அடுத்த நாள் அவர் வருவதற்கு முன்பே அங்கே இருந்தது. உதவிப் பெண் தூரத்தில் நின்றபடி துடைப்பத்தை ஆட்டினாள். அது அசையவில்லை.

"டாக்டர், உங்க நாய் வாசல்லயே இருக்கு."

"என் நாய் இல்லம்மா அது!"

"கன்னம் வீங்கி ஒருத்தர் வந்தாரு. அதைப் பார்த்ததும் வலியே போயிடுச்சுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

வரவர வலிக்காரர்கள் குறைந்தார்கள். கவுண்டர்காரருக்கு இதில் ஒரு லாபம். "வர்ற திங்கக்கிழமை வாங்க, கண்டிப்பா நீங்கதான் முதல்" என்று உதவிப் பெண் அவருக்குப் போனில் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

டாக்டருக்கோ அந்தத் திங்கள்கிழமைதான் கெடு. மாலையில் சர்க்கரைப் பரிசோதனை. மூன்று மாதத்தில் அவர் நடந்ததைவிட நின்றதுதான் அதிகம். அதற்கு முந்தின ராத்திரி சோற்றைப் பிசைந்தபடி, "ஒரு நாளாவது ஒழுங்கா நடந்துட்டுப் போறேன்" என்றார். மனைவிக்கும் மனசு கேட்கவில்லை. தம்பியைக் கூப்பிட்டாள். அவன் கிரிக்கெட் ஆடுகிறவர்கள் காலில் கட்டும் பேடு இரண்டைக் கொண்டுவந்து, மாமாவின் தொளதொள பேன்ட்டுக்குள்ளேயே கட்டிவிட்டான்.

"இனிமே சிங்கமே கடிச்சாலும் உள்ள இறங்காது மாமா."

முழங்கால் மடங்காததால் டாக்டர் கவாத்து பண்ணுகிறவர்போல விறைப்பாக நடந்தார். ஆனால் நடந்தார். அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போனதில் நாய் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. உடம்பு வேர்த்துக் கொட்டியது. இத்தனை நாளும் இந்த வழியாகவே வந்திருக்கலாமே என்று தன்னையே திட்டிக்கொண்டார். சந்தோஷத்தில் ஏதோ பாட்டைக்கூட முணுமுணுத்தபடி கிளினிக் படியில் ஏறினார்.

மேல்படியில் வெள்ளைக் கால் தெரிந்தது.

அதற்குப் பின்னால் டிக்கெட் கவுண்டர்காரரின் செருப்பும் தெரிந்தது. டாக்டர் சட்டென்று வானத்தைப் பார்த்தார். பார்த்த வேகத்தில் வலது கால் பேடின் வார் அவிழ்ந்து, பேடு கணுக்காலுக்குச் சரிந்தது. தடுக்கி விழுந்தார். பேன்ட் முழங்கால்வரை ஏறிக்கொண்டது. மூன்று மாதமாகப் பொத்திப் பொத்திப் பாதுகாத்த கெண்டைக்கால், நாய்க்கு நேர் எதிரே போய் நீட்டிக்கொண்டது.

நாய் அதை ஆசையாகக் கவ்வியது.

அடுத்து என்ன நடந்தது என்று அவருக்குச் சரியாக நினைவில்லை. உள்ளே நோயாளிகள் படுக்கும் நாற்காலியில் கிடந்தார். உதவிப் பெண் சோப்புப் போட்டுக் காலை நன்றாகக் கழுவி, தலைக்கு மேலிருந்த விளக்கை இழுத்துக் கெண்டைக்கால் பக்கம் திருப்பினாள். வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியால் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"எங்க டாக்டர் கடிச்சுது? ஒரு கீறல்கூட இல்லையே."

"நல்லா உத்துப் பாரும்மா! அழுத்தமா கவ்விச்சு. இன்னும் பிசுபிசுங்குது."

"அப்ப எதுக்கு வம்பு? பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போயி ஊசி போட்டுக்கிட்டு வந்துடலாம்."

"ஊசியா!" என்று டாக்டர் நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம்மா! உனக்குப் புண்ணியமாப் போகும், ஊசி மட்டும் வேண்டாம்!"

உதவிப் பெண் அவரை வியப்போடு பார்த்தாள். தினமும் அந்த நாற்காலியில் பார்க்கிற அதே முகம். அவளுக்குத் தானாகவே வார்த்தை வந்துவிட்டது.

"பயப்படாதீங்க. ஒண்ணும் இல்லைங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

"அப்படியெல்லாம் இருக்காது! எந்த மடையன் சொன்னது?"

"நீங்கதான் டாக்டர்."

அப்போது கதவு திறந்தது. பழுப்பு நாய் நிதானமாக உள்ளே வந்தது. அதற்குப் பின்னால் ஓர் அடி இடைவெளி விட்டு டிக்கெட் கவுண்டர்காரர் வந்தார். உதவிப் பெண் துடைப்பத்தைத் தேடினாள். டாக்டர் அவசரமாகக் கூரையைப் பார்த்தார். கவுண்டர்காரர் குனிந்து, நாயின் தாடையைப் பிடித்துத் தூக்கி, விளக்கு வெளிச்சத்தில் அதன் வாய்க்குள் இன்னொரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். கம்பிக்குப் பின்னால் இருந்து அதட்டிய அதே குரலில் சொன்னார்.

"வரிசைன்னா வரிசைதான் டாக்டர். எனக்கு முன்னாடி வந்தது இது, இது வாயிலயும் ஒரு பல்லுகூட இல்ல. முதல்ல இதுக்கு அளவெடுங்க!"