பதினாறு புள்ளி எட்டு கிலோ

கணக்கைத் தப்பாகப் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். சரியாகப் போட்டு மாட்டிக்கொண்டவள் நான்.

எம்.எஸ்சி. வேதியியல் முடித்து, ஆம்பூர் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் சேர்ந்த நான்காவது நாள். தோல் ஊறிய அமிலத் தண்ணீர் முற்றத்தில் ஒரு தொட்டி நிறைய நின்றது. அதைச் சுத்திகரிப்புக்கு அனுப்பும்முன் சோடா உப்பு போட்டு அமிலத்தை முறிக்க வேண்டும். எவ்வளவு போடுவது என்று நான் சொல்ல வேண்டும். (அதுவரை என்னைக் கேட்காமலே நன்றாகத்தான் செய்துவந்தார்கள்.)

சமன்பாட்டைச் சமன் செய்தேன். தொட்டியில் 9.8 கிலோ கந்தக அமிலம்; தேவை 16.8 கிலோ சோடா உப்பு. ஒரு கிராம் பிசகில்லை. தொட்டி வேலையைப் பார்க்கும் யாகூப் பாயிடம் காகிதத்தை நீட்டினேன்.

"மொத்தமாவா மேடம்? ஜாஸ்தியா பொங்கும். கொஞ்சங்கொஞ்சமா போடலாமே."

"கணக்கு கரெக்டா இருக்கு பாய். கொட்டுங்க."

கொட்டினார். 8.8 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும் என்று நானே எழுதி, பக்கத்தில் அழகாக மேல்நோக்கி ஓர் அம்புக்குறியும் போட்டிருந்தேன். அந்த வாயுவுக்கு ஏறக்குறைய ஐயாயிரம் லிட்டர் இடம் வேண்டும் என்பதுதான் உறைக்கவில்லை. தொட்டி சீறியது. கொழுப்பு கலந்த சாம்பல் நுரை விளிம்பைத் தாண்டி இறங்கி முற்றத்தில் நடந்தது. எதிரே, தோல் வாங்க வந்த வெளியூர்க்காரர்களை மேனேஜர் அழைத்து வந்துகொண்டிருந்தார். அவர்களில் ஒருவர் வெள்ளை ஷூ போட்டிருந்தார். (நுரை நேராக அவரிடம்தான் போனது.)

"இன்னா பாய் இது? யாரு கொட்டினது?" என்றார் மேனேஜர்.

"நான்தான் சார். அவசரத்துல கொட்டிட்டேன்" என்றார் யாகூப் பாய், என் பக்கம் திரும்பாமலே.

அவருக்குப் பதினெட்டு வருட சர்வீஸ். எனக்கு நான்கு நாள். ஒரு கணம் (வெட்கத்தோடு சொல்கிறேன், மூன்று நான்கு கணம்) வாயை மூடிக்கொண்டு நின்றேன். பிறகு காகிதத்தை மேனேஜரிடம் கொடுத்தேன்.

"இல்ல சார். பாய் வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் மொத்தமா கொட்டச் சொன்னேன்."

அவர் படித்துப் பார்த்தார். "கணக்கு கரெக்டாதாம்மா இருக்குது" என்றார் அழாத குறையாக. "ரெண்டு பேரும் சேந்து கழுவுங்க."

துடைப்பத்தை என்னிடம் தந்த பாய், "இதக் கழுவ எத்தினி கிலோ தண்ணி வேணும் மேடம்?" என்றார். வேலை போகவில்லை என்ற நிம்மதியில் சிரித்துச் சிரித்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டில் இதைச் சொன்னது நான் செய்த அடுத்த தப்பு. இன்றுவரை ஆப்ப மாவில் சோடா போடும் உரிமை என் கணவருக்கு மட்டும்தான். நான் மாவுப் பாத்திரத்தின் பக்கம் போனாலே, என் மகள் செருப்புகளை எல்லாம் எடுத்து மேலே வைத்துவிடுகிறாள்.