அரைவாசி அண்ணையின் அப்பிள் பாண்

வைலே ரயில் நிலையத்தில் காலை ஏழு மணிக்குக் கறுவாப்பட்டை மணக்கும். பக்கத்து வெதுப்பகத்தில் யாரோ ஒரு தட்டை வெளியே இழுக்க, அந்த மணம் மேடைக்கு வந்து, வேலைக்கு ஓடுகிறவர்களின் கழுத்துத் துணிகளுக்குள் நுழைந்து, பயணச்சீட்டு இல்லாமல் ஆர்ஹுஸ் ரயிலில் ஏறிக்கொள்ளும். டேனிஷ்காரருக்கு அது நத்தார், பனி, மெழுகுதிரி. எனக்கு அது இக்காஸ்டில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் படிக்கட்டு. அந்தப் படிக்கட்டில், மாச் சட்டியை நெஞ்சோடு அணைத்து, செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பூனை மாதிரி இறங்கி வரும் ஆறடி மனிதர் ஒருவர்.

டென்மார்க்கில் உள்ள தமிழருக்குள், ஒன்றையும் முழுதாகச் செய்யாமல் இவ்வளவு நிறைவாக வாழ்ந்த ஆள் வேறு யாரும் கிடையாது. இருந்தால் எனக்கு எழுதுங்கள். பாதிக் கடிதம் போதும்.

அரைவாசி அண்ணை என்றுதான் எல்லோருக்கும் தெரியும். சொந்தப் பெயர் மிக நீளம். கீழே இருந்த தபால் பெட்டியில் அதில் பாதிக்குத்தான் இடம் கிடைத்தது. ஆனால் பட்டம் அதனால் வரவில்லை. அவருடைய மனைவி ராணியக்காவுக்குச் சீனி வருத்தம் வந்தபோது, வைத்தியர் நல்ல மனதோடு சொன்னார்: எதைச் சாப்பிட்டாலும் பாதியாக்குங்கள். சொன்னது ராணியக்காவுக்கு. மொழிபெயர்க்கக் கூடப் போன அண்ணை அதைக் குடும்பத்துக்கே போட்ட சட்டமாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"இனி எங்கட வீட்டில எல்லாம் அரைவாசி," என்று படிக்கட்டிலேயே என்னிடம் அறிவித்தார்.

துணித் தொழிற்சாலையில் வெட்டு மேசையில் நின்று ஓய்வு பெற்றவர் அவர். இடியப்பத்தைக் கத்தரிக்கோலால் நேர் நடுவில் வெட்டியதை நான் என் கண்ணால் கண்டேன். தேத்தண்ணி அரைக் கோப்பை. தோசைக்கு அரை வட்டம். பிறகு அந்தச் சட்டம் சாப்பாட்டு மேசையை விட்டு இறங்கி நடக்கத் தொடங்கியது. எண்பதில் ஓட வேண்டிய ஹேர்னிங் வீதியில் நாற்பதில் போனார். பின்னால் வந்த உழவு இயந்திரம் ஹோர்ன் அடித்தது. உதைபந்தாட்டத்தில் முதல் பாதி முடிந்ததும் தொலைக்காட்சியை நூர்த்துவிட்டு, மறுநாள் என்னை மறித்து, "பேந்து என்ன நடந்தது?" என்று கேட்டார். கலியாண வீட்டில் தாலி ஏறியதும் எழும்பிவிடுவார்.

"சாப்பிடேல்லையோ அண்ணை?"

"மிச்சம் எல்லாக் கலியாணத்திலயும் ஒண்டுதான் பிள்ளை."

சனம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவருக்குச் சீனி வருத்தம் இல்லை, பிரஷர் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ராணியக்காவின் தட்டில் எவ்வளவோ தன் தட்டிலும் அவ்வளவுதான் போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் ஒரே அளவு பசியோடு மேசையை விட்டு எழும்பினார்கள்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் எங்கள் ஊர்ச் சனம் ஏரிக்கரைக்குப் பிக்னிக் போகும். கிரின்ஸ்டெட்டில் இருந்தும் கார்கள் வரும். பிக்னிக் என்றால் கூடைக்குள் நாலு சான்ட்விச் என்று நினைத்துவிடாதீர்கள். கலியாண மண்டபத்தின் கூரையை மட்டும் விட்டுவிட்டு மிச்சம் எல்லாவற்றையும் கொண்டுபோய்ப் புல்லில் இறக்குவது. வாளி வாளியாகச் சோறு, றோல்ஸ், பற்றிஸ். நாலு மணிக்குத் தேத்தண்ணியோடு கேக் மேசை. அந்த மேசையில்தான் ராணியக்காவுக்குக் கண்டம். ஒரு காலத்தில் பட்டர் கேக்கின் மூலைத் துண்டுக்காகவே முதல் ஆளாக நின்றவ அவ.

"ஒரு துண்டு சாப்பிட்டா ஒண்டும் செய்யாது, எடுங்கோ," என்பார் ஒருவர்.

"ஐயோ குடுக்காதை, அவவுக்குச் சுகர்," என்பார் அடுத்தவர், ஏரிக்கு மறுகரையில் மீன் பிடிக்கிறவருக்கும் கேட்கும்படி.

"பாவற்காய்ச் சாறு குடிச்சுப் பாத்தனீங்களோ?"

காற்றுக் குத்துகிறது என்று சொல்லிவிட்டு அவ காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிவிடுவா. மடியில் ஒரு டப்பா வெள்ளரிக்காய். அண்ணை கேக்கைத் தொட மாட்டார், காருக்குள்ளும் போக மாட்டார். காருக்கும் மேசைக்கும் நடுவில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி நிற்பார். மூன்று கோடை இப்படிப் போனது.

நாலாவது கோடையில், பிக்னிக்குக்கு மூன்று நாள் இருக்க, புதன்கிழமை காலை என் கதவு தட்டப்பட்டது.

"பிள்ளை, உன்ர போறணை வேலை செய்யுதோ?"

பாண் வேகும் இடம் எதுவானாலும் அவருக்குப் போறணைதான். என்ன விஷயம் என்று கேட்டேன்.

"ராணி இந்த முறை வரேல்லையாம். நீங்கள் போங்கோ, நான் வீட்டில நிக்கிறன் எண்டிட்டா." வாசலில் நின்றபடியே சொன்னார். "சனிக்கிழமை எல்லாரும் கேக் சாப்பிடேக்க அவவும் ஒரு துண்டு சாப்பிட வேணும். மேசையில இருந்து, ஆக்களோட. அவ்வளவுதான். எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்."

"மேல உங்கட வீட்டிலயே சுடலாமே."

"தெரிஞ்சா விடமாட்டா. தன்னால எனக்குக் கரைச்சல் எண்டு அழுவா. ஒளிச்சுத்தான் சுட வேணும்."

அவர்கள் இருந்தது மேல் மாடி, நான் நடு மாடி. கீழே கிர்ஸ்டன் என்றொரு டேனிஷ்காரி தனியாக இருந்தா. அவவிடம் அண்ணை ஏற்கெனவே ஒரு குறிப்பு எழுதி வாங்கியிருந்தார்: அப்பிளும் கறுவாவும் போட்ட நீளப் பாண். அதில் இருந்த ஒவ்வொரு எண்ணையும் பென்சிலால் வெட்டிப் பக்கத்தில் அதன் பாதியை எழுதியிருந்தார். கோதுமை மா, சீனி, பட்டர், என்னிடம் மிஞ்சியிருந்த கறுவாத்தூள், எல்லாம் பாதி. முட்டை மூன்றுக்கு ஒன்றரை. மிஞ்சிய அரை முட்டையைக் கிண்ணத்தில் ஊற்றி, மூடி, என் குளிர்பெட்டிக்குள் வைத்து, "இது உனக்கு," என்றார்.

நூற்றியெண்பது பாகைச் சூட்டையும் தொண்ணூறாக்கினார். ஒரு மணித்தியாலம் அரை மணித்தியாலம் ஆயிற்று. போறணைக்கு முன்னால் முழங்காலில் இருந்து கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் முடிந்து வெளியே எடுத்தால், உள்ளே போன கூழ் அப்படியே வெளியே வந்தது, கொஞ்சம் வெதுவெதுப்போடு.

"அண்ணை, சூட்டைக் குறைச்சா எப்படி வேகும்?"

"குறைக்கிறதெண்டா எல்லாத்தையும் சமமாக் குறைக்க வேணும் பிள்ளை. ஒண்டை மட்டும் குறைச்சா மற்றது கோவிக்கும்."

"அதுசரி, மாவும் பாதி, சீனியும் பாதியெண்டா இனிப்பு அப்படியேதானே இருக்கும். பாண்தானே சின்னனாகும்."

அந்த மனிதர் கொஞ்ச நேரம் கூழைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மூன்று வருடத்துச் சட்டத்தில் முதல் கீறல் விழுந்ததை நான் கண்டேன்.

"அப்ப சீனியை இன்னொருக்கா அரைவாசியாக்குவம்," என்றார்.

வியாழக்கிழமை ஆக்கினார். பட்டரையும் இன்னொருமுறை பாதியாக்கினார். பொங்க வைக்கும் பேக்கிங் பவுடரையும் விடவில்லை. நானே பிடிவாதமாகச் சூட்டை நூற்றியெண்பதில் வைத்தேன். வந்தது செங்கல். கீழே கொண்டுபோய்க் கிர்ஸ்டனுக்கு ஒரு துண்டு கொடுத்தோம். அவ வெகுநேரம் மென்று, தண்ணீர் குடித்து, "சுவாரசியமாக இருக்கிறது," என்றா. இந்த நாட்டில் கொஞ்சக் காலம் இருந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் பாரம் தெரியும்.

அன்று பின்னேரம் உடுப்புத் தோய்க்கும் அறையில் ராணியக்காவைக் கண்டேன். சிரித்தேன். அவ சிரிக்கவில்லை.

"உங்கட வீட்டில நல்ல சமையல் போல," என்று சொல்லி, படுக்கை விரிப்பை உதறிய வேகத்தில் என் முகத்தில் காற்றடித்தது. களைப்பாக்கும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை கிர்ஸ்டன் ஏப்ரன் கட்டிக்கொண்டு மேலே ஏறி வந்தா. அண்ணையின் பென்சிலை வாங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டா. பட்டருக்குப் பதிலாக மோர். புளிப்பு அப்பிளைத் தோலோடு துருவி, சாற்றைப் பிழியாமல் அப்படியே போடச் சொன்னா. சீனி இரண்டு கரண்டி மட்டும். "இனிப்பை அப்பிள் பார்த்துக்கொள்ளும்," என்றா. அண்ணை ஒன்றையும் பாதியாக்கவில்லை. கை மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

எல்லாம் சரியாகப் போனது, கிர்ஸ்டன் தன் கறுவாத்தூள் போத்தலைத் திறக்கும் வரைக்கும். அண்ணை மோந்து பார்த்தார்.

"இது கறுவா இல்லைப் பிள்ளை. மரத்தூள்."

மேலே போய், கொழும்பில் இருந்து பெட்டியில் வந்த கறுவாப்பட்டைச் சுருளோடு திரும்பினார். என் சின்னக் கோப்பி அரைக்கும் மெஷினை எடுத்தார். போன கிழமை நான் அதில் வறுத்த கறித்தூள் அரைத்திருந்தேன். சமையலறைக் கடதாசியில் ஒரு துண்டு கிழித்து, அதையும் இரண்டாகக் கிழித்து, அந்தப் பாதியால் மெஷினைத் துடைத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். யன்னலுக்கு வெளியே ஜூன் மாத வெளிச்சம் பேர்ச் மரத்து இலைகளில் சில்லறை குலுக்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

பாண் வந்தது. உச்சியில் ஒரு வெடிப்பு, வெடிப்புக்குள் அப்பிள் துருவல் பொன்னாக. விரலால் அமத்தினால் மூச்சு விட்டு நிமிர்ந்தது. தூக்கினால் பாரம் இல்லை. அண்ணை அதைத் துவாயால் சுற்றினார், பிறந்த பிள்ளையைச் சுற்றுவது போல. வெட்டிச் சுவை பார்க்க விடவே இல்லை.

"ராணி வாறாவாம்," என்றார் மெதுவாக. "காலமை சொன்னவ. 'வாறன், வந்து பாக்கிறன்' எண்டவ." அதை அவர் வெற்றி என்று எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை ஏரியில் சின்னச் சின்ன அலை. நாலு மணிக்குக் கேக் மேசை விரிந்ததும் ராணியக்கா வழக்கம்போல் காருக்குள் போனா. நான் என் பையில் இருந்து துவாய்ப் பொதியை எடுத்துக் கொடுக்க, அண்ணை மேசையில் வைத்து வெட்டினார். அழைப்பின்பேரில் வந்திருந்த கிர்ஸ்டனுக்குத்தான் முதல் துண்டு. கடித்தா. கண்கள் பெரிதாகின. கழுத்தில் தொடங்கிய சிவப்பு மெல்ல நெற்றிக்கு ஏறியது.

"இதில் இஞ்சி இருக்கிறதா?" என்று மரியாதையாகக் கேட்டா.

நானும் கடித்தேன். முதலில் அப்பிள். பிறகு கறுவா. அதற்குப் பின்னால், ஆறுதலாக, வறுத்த மல்லி, மிளகு, செத்தல் மிளகாய்.

அண்ணை ஒரு துண்டைத் தின்றுவிட்டு என்னைப் பார்த்தார். "பிள்ளை, உன்ர மெஷின்ல என்ன அரைச்சனி?"

சொன்னேன். அவர் பாணைத் துவாயால் மூடினார். மேசையடி மர வாங்கில் இருந்தார். இனிச் சுட நேரமும் இல்லை, போறணையும் இல்லை. அவ்வளவு பெரிய மனிதர் அந்த வாங்கில் ஒரு பையன் அளவுக்குச் சுருங்கிப்போனார். "விடு," என்றார். "அவ காருக்குள்ளயே இருக்கட்டும்."

அப்போதுதான் கார்க் கதவு திறந்தது. ராணியக்கா புல்லை மிதித்த மிதியில் தாராக்கள் தண்ணீருக்குள் இறங்கின.

"இஞ்சேருங்கோ, என்ன அது மூடி மூடி வைக்கிறியள்?"

"ஒண்டுமில்லை ராணி."

"மூண்டு நாளாப் படிக்கட்டு முழுக்கக் கறுவா மணம். கறுவா மணந்தா என்னெண்டு எனக்குத் தெரியாதோ? செருப்பைக் கழட்டிப்போட்டுக் கள்ளன் மாதிரிக் கீழ இறங்கிப் போனனீங்கள். பிள்ளையின்ர வீட்டில ஆட்டிறைச்சிக் கறி காச்சி வயிறு முட்டச் சாப்பிடுறியள். மேல வந்து என்னோட அரைக் கோப்பை தேத்தண்ணி."

எனக்கு உடுப்புத் தோய்க்கும் அறையில் அடித்த காற்று அப்போதுதான் விளங்கியது. எங்கள் வீடுகளில் கறுவா மணந்தால் அதற்கு ஒரே அர்த்தம், அடுப்பில் இறைச்சி. யாரும் அதைப் பாணுக்குள் போட்டுப் பார்த்ததில்லை. மூன்று நாளாக ஒரு மனிதர் தன் மனைவிக்காக அப்பிள் துருவ, மேல் மாடியில் அவ அவருடைய துரோகத்தை மணந்துகொண்டிருந்திருக்கிறா.

அண்ணை துவாயை விலக்கினார். அவ குனிந்து மோந்தா. கறித்தூள் காட்டிக்கொடுத்தது.

"பாத்தியளோ. இறைச்சி."

"அப்பிள்," என்றார் அண்ணை. குரல் பாதிதான் வந்தது. 

"என்ன?"

"அப்பிள் பாண். உமக்குச் சுட்டது. சீனி ரெண்டு கரண்டிதான். மற்றதெல்லாம் அப்பிளின்ர இனிப்பு. கறித்தூள் தெரியாமல் விழுந்திட்டுது."

ராணியக்கா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தா: அண்ணையை, என்னை, இன்னும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த கிர்ஸ்டனை. பிறகு விரலால் ஒரு சின்னத் துண்டு கிள்ளி வாயில் வைத்தா. கண்ணை மூடினா. சுற்றி இருந்த சனம் பாவற்காயை மறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றது. அவ வாங்கில் அண்ணைக்குப் பக்கத்தில் இருந்து, ஒரு துண்டை எடுத்து, மெதுவாக, பொருக்குவரை சாப்பிட்டு முடித்தா. கன்னத்தில் தண்ணீர் ஓடியது.

"சரியான உறைப்பு," என்றா, துவாயின் நுனியால் துடைத்தபடி.

உறைப்புத்தான் என்று நாங்களும் ஒத்துக்கொண்டோம். அண்ணை மட்டும் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணிலும் உறைத்திருக்க வேண்டும்.

அந்த இலையுதிர்காலம் வேலை மாறி நான் வைலேக்கு வந்துவிட்டேன். இக்காஸ்ட் என்று நினைத்தால் எனக்கு வருவது அந்த மாலைதான்: இன்னும் இறங்காத வெயில், மடித்த கதிரைகள், வெறும் வாளிகள். அண்ணை காரின் பின்பெட்டிக்குள் தலையை விட்டு எதையோ கட்டிக்கொண்டிருந்தார். ராணியக்கா கண்ணாடியை இறக்கி, விரலால் என்னைக் கிட்டக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தினா.

"பிள்ளை, அடுத்த கிழமையும் இவர் வருவார். உன்ர வீட்டிலயே சுடட்டும், ஒண்டும் சொல்லாதை. எனக்குத் தெரியாத மாதிரி நான் மேல இருக்கிறன்."