சூப்பர் சாரும் மூன்று படிகளும்

பொன்னேரி வட்டாரத்திலேயே, ஊழியர்களை உற்சாகப்படுத்துகிறேன் என்று கிளம்பி, இருந்த கொஞ்சநஞ்ச உற்சாகத்தையும் துடைத்தெடுத்த ஒரே மனிதர் எங்கள் சூப்பர் சார்தான். அவருக்கு நிஜப்பெயர் ஒன்று உண்டு. அது கடிதத்தாளில் மட்டும் இருந்தது.

பழவேற்காடு ஏரிக்கரையில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான பகல்நேரக் காப்பகம் எங்களுடையது. சுற்றியுள்ள மீனவக் குப்பங்களிலிருந்து பதினெட்டுப் பிள்ளைகள் வேனில் வருவார்கள். பாதிப் பேருக்கு நடக்க வராது. ரோசம்மா அக்காவும் இன்னும் மூன்று பெண்களும் அவர்களைத் தூக்கி இறக்கி, குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, சாயங்காலம் திருப்பி வேனில் ஏற்றுவார்கள். நான் அனுப்பம்பட்டிலிருந்து வந்து கடிதமும் பதிவேடும் பார்ப்பவள். எங்களுக்குத் தலைவராக, சென்னையில் ஏதோ ஒரு கம்பெனியில் பயிற்சி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவரை அறக்கட்டளை அனுப்பிவைத்தது.

அவருக்குத் தெரிந்த ஒரே வார்த்தை 'சூப்பர்'. "சார், சாம்பார் தீஞ்சிபோச்சி" என்றால் "சூப்பர்!" "வேன் டயரு பஞ்சர் சார்" என்றால் "சூப்பர்! இதை ஒரு வாய்ப்பா பாருங்க!" டிரைவர் அந்த வாய்ப்பைக் கொளுத்தும் வெயிலில் முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

முதல் நாளே கூட்டம் போட்டார். எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, ரோசம்மா அக்காவைப் பார்த்து, "சொல்லுங்கம்மா, தினம் காலையில உங்கள எழுப்பிவிடுற சக்தி எது?" என்றார்.

அக்கா நிஜமாகவே யோசித்தார். "கொயா தண்ணி சார். ஆறு மணிக்கு வுடுவாங்க, அர மணி நேரந்தான். எந்திரிக்கலன்னா அன்னிக்கி குண்டான் காலி."

"சூப்பர்!" என்று சொல்லி அதையும் பலகையில் எழுதிவைத்தார். எழுதியது அழியும்வரை, எங்கள் நிறுவனத்தின் லட்சியங்களில் ஒன்றாகக் 'குழாய்த் தண்ணீர்' அங்கேயே இருந்தது.

அடுத்து வந்தது நட்சத்திரப் பட்டை. வாரத்துக்கு ஒரு சிறந்த ஊழியர்; அவர் 'இந்த வார நட்சத்திரம்' என்று எழுதிய பளபளக்கும் சிவப்புப் பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலை செய்ய வேண்டும். யாருக்கும் மனம் கோணக்கூடாது என்று வரிசையாகக் கொடுத்ததில், வாரம் முழுக்க லீவில் இருந்த சமையல்காரரும் நட்சத்திரமானார். ரோசம்மா அக்காவின் முறை வந்தபோது, பிள்ளையைக் கழுவக் குனிந்ததும் பட்டை சரிந்து வாளிக்குள் விழுந்தது. அக்கா அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"சார், உங்க நட்சத்திரம் வுயுந்துட்சி. தொவச்சி குடுக்கட்டா, அப்டியே போட்டுக்கவா?"

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள் என்பது அவர் கண்ணில் படவே இல்லை. காட்டுப்பள்ளி துறைமுகப் பக்கம் ஒரு கேன்டீனில் ஆள் எடுத்தார்கள். காட்டூரிலிருந்து வந்த பெண் போய்விட்டாள். தட்டு கழுவினால் முதுகு பிடித்துக்கொள்ளாது, தட்டு கடிக்காது என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். இன்னும் ஒருவர் போனால் பாதிப் பிள்ளைகளை வீட்டிலேயே இருக்கச் சொல்ல வேண்டியதுதான்.

அதற்கு அவர் கண்டுபிடித்த மருந்து, நம்பிக்கைப் பயிற்சி. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாய வேண்டும்; மற்றவர்கள் பிடிக்க வேண்டும். பிள்ளைகள் தூங்கும் மதிய நேரத்தில் காப்பகத்துக்குப் பின்னால், ஏரிச் சேற்றின் ஓரத்தில் எல்லோரையும் நிறுத்தினார். முதலில் சாயச் சொன்னால் யாரும் முன்வரவில்லை. "தலைவன்தான் முதல்ல நம்பணும்!" என்று தானே திரும்பி நின்றார். மூன்று பெண்களும் கையை நீட்டினார்கள். சார் கண்ணை மூடி, கையைக் கட்டி, மூச்சை இழுத்துச் சாய்ந்தார். அதே நொடியில் உள்ளே சின்னவன் அந்தோணிக்கு வலிப்பு வந்து கட்டில் ஆடும் சத்தம் கேட்டது. மூன்று பேரும் ஓடிவிட்டார்கள்.

சேறு அவரை மரியாதையாகத்தான் வாங்கிக்கொண்டது. கழுத்துவரை.

நான் சிரித்து முடித்து அவருக்குக் கை கொடுத்துத் தூக்கி உள்ளே கூட்டிப்போனபோது, ரோசம்மா அக்கா அந்தோணியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையடியில் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருத்தி வலிப்பு எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி மற்ற பிள்ளைகள் மிரளாமல் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. சார் சேறு சொட்டச்சொட்ட வாசலிலேயே நின்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வராத முதல் சந்தர்ப்பம் அதுதான்.

மறுநாள் ரோசம்மா அக்கா ராஜினாமாவைக் கொண்டுவந்து நீட்டினார். எழுதிக்கொடுத்தது நான்தான். கேன்டீன் வேலை அவருக்கும் கிடைத்திருந்தது.

சார் படித்தார். பலகைப் பக்கம் போகவில்லை. "இன்னும் என்ன செஞ்சா இருப்பீங்கம்மா?" என்றார்.

"சொன்னா செய்வியா சார்? நீ வர்றதுக்கு முன்னாலேந்து, ரெண்டு வருசமா சொல்றேன். வாசல்ல மூணு படி கீது. காலைல ஒம்போது புள்ள, சாயங்காலம் ஒம்போது புள்ள, இடுப்புல வெச்சி ஏறி எறங்குறேன். அத்த ஒட்ச்சி சரிவா கட்டிக் குடு, வண்டில வெச்சி தள்ளிகினு பூடுவேன். குளிப்பாட்டும்போது இன்னொரு கை வேணும். அவ்ளோதான். நட்சத்திரம்லாம் வானத்துலயே இருக்கட்டும்."

மறுநாள் காலை ஏழரைக்கு வேன் வந்தபோது, பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு சூப்பர் சார் வாசலில் நின்றார். இன்னொரு கையாம்! அந்தக் கையைப் போல உதவாத கையை நான் பார்த்ததில்லை. சோப்பை நழுவவிட்டார். துண்டை நனைத்தார். முதல் வாரத்திலேயே இரண்டு பிள்ளைகளிடம் கடி வாங்கினார். "புள்ளைய புடி சார், ஆபீஸ் ஃபைல புடிக்கிறா மாதிரி புடிக்காத!" என்று ரோசம்மா அக்கா போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. அக்கா ராஜினாமாவைத் திருப்பி வாங்கவும் இல்லை, கேன்டீனுக்குப் போகவும் இல்லை. ஆளைத் திட்டவே நேரம் போதவில்லை. மற்ற பெண்களும் விலகும் பேச்சையே எடுக்கவில்லை. அவர் கூத்தைத் தவறவிட யாருக்கு மனசு வரும்?

அந்தச் சமயத்தில்தான் அறக்கட்டளையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஊழியர்களை ஊக்குவிக்க, கடற்கரை விடுதியொன்றில் இரண்டு நாள் முகாம் ஏற்பாடாகியிருந்தது. சார் எழுந்து, "முகாம் வேணாம். அதுக்குப் பதிலா வாசல்ல சரிவுப் பாதை கட்டணும்" என்றார். முகாமை வடிவமைத்தவர் அறக்கட்டளைச் செயலாளரின் மருமகன். சாருக்கு அதுவும் தெரியும். தெரிந்தே சொல்கிற அளவுக்கு விவரமில்லாத மனிதர்.

சரிவுப் பாதை வந்தது. மூன்று மாதம் கழித்து, ஒப்பந்தம் முடிந்தது என்று அவருக்கு ஒரு கடிதமும் வந்தது. அதையும் நான்தான் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. ஒரு பக்கக் கடிதத்தில் பதினோரு பிழை விட்டேன். போகிற அன்றும் ஒரு பிள்ளைக்குச் சட்டையை முன்பின்னாக மாட்டிவிட்டுத்தான் போனார்.

இப்போது வந்திருப்பவர் நல்ல நிர்வாகி. குறை சொல்ல ஒன்றுமில்லை. சூப்பர் சார் ஞாயிறுதோறும் எனக்குப் போன் செய்து, அந்தோணி மாத்திரை சாப்பிடுகிறானா, ரோசம்மா அக்காவின் இடுப்பு எப்படி இருக்கிறது என்று உயிரை வாங்குவார். என் விடுமுறையே அதில் போய்விடும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. திங்கட்கிழமை வேன் வருவதற்கு முன்பே ரோசம்மா அக்கா என் மேசைக்கு வந்து, "அந்தாளுக்கு ஒரு போன் போடும்மா, இன்னா ஆச்சோ ஏதாச்சோ" என்றார்.

நான் அதற்குள் நான்கு முறை போட்டிருந்தேன்.