பாய்லர் கேஜில் ஒரு பொட்டு

"பிழை 1.8," என்றார் கந்தசாமி, பாய்லரின் அழுத்தம் காட்டும் கேஜை மூன்றாவது தடவையாகச் சோதித்துவிட்டு.

"ரெண்டு பவுண்டுக்குள்ளதானே அண்ணே? பாஸ் போட்டுருங்க லா. கொழுந்து வாடிக் கெடக்கு, பாய்லர் ஏத்தணும்," என்றார் தொழிற்சாலைக் கணக்கெழுதும் கிராணி புவனேஸ்வரன்.

"ஒப்பிட்டுப் பாக்குற நம்ம மாஸ்டர் கேஜே அரை பவுண்டு முன்னப்பின்ன காட்டும். நெசப் பிழை 1.3-ஆவும் இருக்கலாம், 2.3-ஆவும் இருக்கலாம். அதனாலதான் 1.5 தாண்டினா பாஸ் கெடையாது."

"அப்ப ஃபெயில் போடுங்க."

அதுதான் கந்தசாமியால் முடியவில்லை. கம்போங் ராஜா என்ற மலையூர்ப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் இருபது வருடமாகக் கேஜ் சோதிக்கிறவர். தோட்டத் துரையே கெஞ்சினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற ஆள். ஆனால் இந்தக் கேஜின் தலையில் ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். மூன்று வருடம் முன்பு ஆயுத பூஜையன்று, பாய்லர் அறையில் வேலை பார்த்த அவர் மனைவி மணியம்மா வைத்தது. அடுத்த மாதமே அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். பொட்டின் நிறம் இன்னும் மங்கவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஃபெயிலான கேஜோ பழைய இரும்போடு லோரி ஏறிவிடும்.

பத்துத் தடவை அளந்து சராசரி எடுத்தால் சந்தேகம் குறையும் என்று நினைத்தார். விடாமல் கையில் பிடித்து அளந்ததில் கேஜ் சூடாகி, பிழை 1.9 ஆனது. பக்கத்துத் தோட்டத்தில் துல்லியமான மாஸ்டர் கேஜ் இரவல் வாங்கி வந்தார். சந்தேகம் சுத்தமாகத் தீர்ந்தது. பிழை 2.2.

புவனேஸ்வரன் கேஜைத் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, மேல காத்து போற ஓட்டைய இந்தச் சந்தனம் அடைச்சிருக்கு. உள்ள காத்து சூடேறி முள்ளு தப்பாக் காட்டுது. தொடைச்சா பாஸாயிரும்."

கந்தசாமி கேஜைத் திருப்பி வாங்கிக்கொண்டார். துடைத்தால் பொட்டு போகும். துடைக்காவிட்டால் கேஜோடு சேர்ந்து போகும்.

சட்டை நுனியை நனைத்துத் துடைத்தார். சந்தனம் அடை அடையாக உதிர்ந்தது. பிழை 0.4.

பச்சை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, அந்தக் கேஜை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பாஸான கேஜுக்காக அழுத ஆளை அந்தத் தொழிற்சாலை அதுவரை பார்த்ததில்லை.

அறையைக் கூட்டிக்கொண்டிருந்த, பாய்லர் அறைக்கும் சேர்த்துக் கூட்டுகிற சாந்தினி விளக்குமாற்றைக் கீழே போட்டாள்.

"அழாதீங்க மாமா. அக்கா வெச்ச பொட்டு, அவங்க காரியம் முடிஞ்ச வாரம் பாய்லர் கழுவுனப்பவே போயிருச்சு. வந்தா தேடுவீங்களேன்னு வெள்ளிக்கெழம தவறாம நான்தான் வெச்சுக்கிட்டு வர்றேன்."