இறந்தவனின் தாய்

போர்வையை விலக்கியதும் அவள் மகனின் மார்பில் விழுந்து கதறுகிறாள். மகனை இன்று காலையில்தான் முதன்முதலாகப் பார்த்தாள். கன்னத்தில் அரைகுறையாகக் காய்ந்த ரத்தச் சாயம், அடக்கி வைத்த மூச்சு, கூச்சம் தாங்காமல் துடிக்கும் விலா. செத்தவன் சிரித்துவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. எனவே விலாவைத் தொடாமல் தோளை மட்டும் பிடித்து உலுக்கி அழுகிறாள். அனுபவம்.

இவள் தனி இனம். பிழைக்கப் போன நாட்டின் தொலைக்காட்சித் தொடர்களில் நடிக்கிறவள். நீங்கள் இவளைப் பார்த்திருக்கிறீர்கள், பார்த்தது ஞாபகமிருக்காது. இந்த இனம் திரைக்குள் ஒரேயடியாக வந்துவிடாது. முதலில் முதுகு வரும், பேருந்து நிறுத்தத்தில் யாரோ யாரையோ துரத்தும்போது திரும்பாமல் நிற்கும் முதுகு. பிறகு பக்கவாட்டு, டாக்டர் காதலியோடு சண்டைபோடும் தாழ்வாரத்தில் தரை துடைத்துக்கொண்டே போகும் பக்கவாட்டு. அப்புறம் முகம், ஆனால் வாய் கிடையாது. போலீஸ் கேட்டதற்கெல்லாம் ‘நான் எதையும் பார்க்கவில்லை’ என்று தலையை மட்டும் ஆட்டும் பக்கத்து வீட்டுக்காரி. வாய் வேண்டுமென்றால் வீட்டில் ஒரு சாவு விழ வேண்டும். அப்போதும் பெயர் கிடைக்காது. தாளில் ‘இறந்தவனின் தாய்’ என்றிருக்கும்.

ஊரில் இருந்தவரை நாடகங்களில் ராணி வேஷம்தான் கட்டினேன் என்பாள். எந்த நாடகம் என்று கேட்காதீர்கள். வெளிநாடு போன யார்தான் ஊரில் ராணியாக இல்லை?

தாய் வாயைத் திறக்கும் இடத்துக்கு வசனம் எழுதுகிறவர் வசனம் எழுதுவதில்லை. “உங்க பாஷையில எதையாவது சொல்லி அழுங்க” என்பார் டைரக்டர். கீழே ஓடும் எழுத்தை அவர்களே போட்டுக்கொள்வார்கள். எதையாவது என்றால் எதை? விளக்கு கண்ணைக் குத்துகிறது, காமிரா மூக்குக்கு நேராக நிற்கிறது, பெறாத பிள்ளை செத்துக் கிடக்கிறான். அந்த நேரத்தில் ஒரு மனுஷிக்கு வாயில் என்ன வரும்? மனத்தில் கிடப்பதுதான் வரும்.

“ஒரு வாரம்னு வாங்கிட்டுப் போனாளே பாவி, எங்கம்மா வாங்கிக் குடுத்த குக்கராச்சே, கேட்டா பார்க்கலாம் பார்க்கலாம்கிறாளே.”

கீழே ஓடிய எழுத்து: ‘மகனே, என் வாழ்வின் ஒளியே, என்னைத் தனியே விட்டுப் போனாயே.’

விளக்குப் பிடித்தவர் மூக்கைச் சிந்தினார். பிணத்துக்கே கண் கலங்கிவிட்டது. டைரக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பார்க்கிறவர்களுக்கும் இது பிடித்துப்போனால் உங்களை நிரந்தரமாக்கிவிடலாம் என்றார். இறந்தவனுக்கு ஒரு தம்பி இருக்கக்கூடாதா என்ன? தம்பி ஒருவன் இருந்தால் தாய்க்கு வருஷம் முழுக்க வேலை. இந்த நாட்டில் அவளிடம் யாரும் ‘நிரந்தரம்’ என்ற வார்த்தையைச் சொன்னது அதுவே முதல் தடவை.

குக்கரை வாங்கிப்போனவள் நாத்தனார். கணவனின் அக்கா, அடுத்த தெரு. இவர்களை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டவள், கூப்பிட்டுக்கொண்டதை மறக்கவிடாதவள். குக்கர், பெட்டியில் துணிகளுக்கு நடுவே சுற்றி எடுத்துவந்தது. அதை வாங்கிக் கொடுத்த அம்மா செத்தபோது அவளால் ஊருக்குப் போக முடியவில்லை. அன்று தரை துடைக்கும் காட்சி. துடைத்தாள்.

அழும்போது சொன்னதை இந்த இனம் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. கணவனோ பெருமை தாங்காமல், ஒளிபரப்பன்று அக்காவையும் அத்தானையும் வீட்டுக்கு அழைத்துவிட்டான். சோபாவின் நல்ல பக்கத்தில் அக்கா உட்கார்ந்தாள். போர்வை விலகியது. தாய் விழுந்தாள். வாயைத் திறந்தாள். பிறகு சோப்பு விளம்பரம் வந்தது. அந்தச் சோப்பை அத்தான் அவ்வளவு கவனமாகப் பார்த்து யாரும் கண்டதில்லை.

நாத்தனார் டீக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“பாவின்னது யாரை?”

“அக்கா, அது கேரக்டர் பேசுது” என்றான் கணவன்.

“கேரக்டர்கிட்ட குக்கர் இருக்கா?”

“இருக்கலாம்க்கா. அவளும் குடும்பப் பொம்பளைதானே.”

“நீ சும்மா இருடா.” நாத்தனார் இவள் பக்கம் திரும்பினாள். “நாளைக்கே டிவிகாரங்களுக்குப் போன் போடறேன். பிணத்து மேல விழுந்து நீ என்ன சொல்றேன்னு அவங்களுக்கும் தெரியட்டும். அப்புறம் நிரந்தரமாவது ஒண்ணாவது.”

வராத தம்பி ஒருவன் நடிகையின் கண்முன்னால் வந்து நின்றான். கோப்பைகளை ஒவ்வொன்றாகத் தட்டில் எடுத்து வைத்தாள்.

“போடுங்க அண்ணி. நம்பர் நானே தரேன். ஆனா அவங்களுக்கு நம்ம பாஷை தெரியாது பாருங்க, நீங்கதான் வரிக்கு வரி சொல்லணும். யாரு வாங்கிட்டுப் போனது, எப்ப வாங்கினது, ஏன் திருப்பித் தரலை, எல்லாம் கேப்பாங்க.”

நாத்தனார் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். பார்த்தாள். உள்ளே போட்டுக்கொண்டாள்.

“கிளம்பலாமா?” என்றார் அத்தான், சோப்பைப் பார்த்தபடி.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கடைசியாக நீங்கள் ஒரு சாவுவீட்டில் அழுதீர்களே, மற்றவர்கள் தாங்கிப் பிடிக்கிற அளவுக்கு, அங்கே கிடத்தியிருந்தவருக்காகவா? பத்து வார்த்தைகூடப் பேசியிராத ஒன்றுவிட்ட பெரியப்பாவுக்கா அவ்வளவு கண்ணீர்? கைக்கு வராமல் போன வேலையா, வேறு யாரையோ கட்டிக்கொண்டு போனவரா, அண்ணன் எடுத்துக்கொண்ட மாடி அறையா? உங்களுக்கும் கீழே நல்ல எழுத்தாகத்தான் ஓடியிருக்கிறது, பிழைத்தீர்கள். பக்கத்தில் பாஷை தெரிந்தவர் யாராவது இருந்தாரா என்று மட்டும் ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலையில் அத்தான் வந்து குக்கரை வாசலில் வைத்துவிட்டு மணி அடிக்காமல் போனார். பத்து மணிக்கு டைரக்டர் ஆபீஸிலிருந்து போன் வந்தது. இறந்தவனுக்கு ஒரு தம்பி உண்டு என்று முடிவாகியிருந்தது. அவனையும் கத்தியால் குத்தியாகிவிட்டது. பிழைத்துக்கொள்வான். அவள் குக்கரைத் திறந்து பார்த்தாள். மூடியில் ரப்பர் கேஸ்கட் இல்லை. மதியம் படப்பிடிப்புக்குப் போனாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் தம்பி கண்ணை மூடிப் படுத்திருந்தான். விளக்கைப் போட்டார்கள். அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு கேஸ்கட்டிலிருந்து ஆரம்பித்தாள்.