மூணு மணி மேஸ்திரியும் என் நீலக் கண்ணாடியும்

கள்ளிக்குப்பத்தில் சூரியனோடு நேருக்கு நேர் வம்புக்கு நின்ற ஒரே மனுஷன் மூணு மணி மேஸ்திரிதான். அவரை நினைத்தாலே எனக்கு இன்றும் அசதியாக வருகிறது. மனை பார்க்க எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் மத்தியானம் மூணு மணிக்குத்தான் வருவார். நட்ட நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு ஒரு மணி நேரம் வெயிலில் காய்வார். அப்புறம்தான் ஜன்னல் எங்கே என்று வாயைத் திறப்பார்.

நான் கட்டக் கிளம்பியது கீழே கடை, மேலே என் மனைவியின் தையற்கூடம். பழைய தகரக் கொட்டகையில் அவள் தையல் மெஷின் மேலேயே இரண்டு தரம் மயங்கி விழுந்திருந்தாள். மூணாவது தரம் விழக் கூடாதென்றுதான் இந்தக் கட்டடமே. ஆனால் தெருவைப் பார்த்த மேற்குச் சுவர் முழுக்க எனக்கு நீலக் கண்ணாடி வேண்டும். இல்லாவிட்டால் அதைக் காம்ப்ளெக்ஸ் என்று எவன் மதிப்பான்?

"அது கட்டடம் இல்ல நைனா, இட்லிப் பானை."

"ஏசி போட்டுக்கலாம் மேஸ்திரி."

"கரண்டு பூட்டா? ஏசி சும்மா தொங்கினு கெடக்கும்!"

மேற்கே இரட்டைச் சுவர், நடுவில் காற்று. வடக்கும் தெற்கும் எதிரெதிர் ஜன்னல். மொட்டை மாடிக்கு வெள்ளை ஓடு. இதையே தினமும் ஓதினார். எனக்கு அலுத்துவிட்டது. அக்கா மகள் கல்யாணத்துக்கு அவர் வேப்பம்பட்டு போன வாரத்தில், வேறு ஆள் வைத்துக் கண்ணாடியை மாட்டிவிட்டேன்.

திரும்பி வந்தவர் கண்ணாடியை ஒரு தரம் தட்டிப் பார்த்தார். மூணு மணிக்கு நாற்காலியோடு மாடி ஏறி, கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்.

"எறங்குங்க மேஸ்திரி, ஒடம்புக்கு ஆவாது!"

"உன் ஊட்டுக்காரம்மா பொழுதன்னிக்கும் குந்தப்போற எடம். நான் ஒரு மணி நேரம் குந்தக் கூடாதா?"

கால் மணி நேரத்தில் கண் சொருகி, நாற்காலியோடு சாய்ந்தார். ஐயோ என்று கீழே ஓடி மோர் கொண்டுவந்து புகட்டினேன். ஒரு மடக்கு உள்ளே போனதுமே கண்ணைத் திறக்காமல் கேட்டார்:

"கண்ணாடிய எப்போ கழட்டறே?"

மறுநாளே கழற்றினேன். அவர் சொன்ன சுவர்தான் எழும்பியது.

மேஸ்திரி காலமாகி ஒரு வருஷம் ஆகிறது. போன வாரம், கத்திரி வெயிலில் கரண்டு போய்விட்டது. "மூணு மணி வெயிலு, கீழ எறங்கி வா!" என்று பதறிப்போய் மாடிக்கு ஓடினேன். என் மனைவி ஜன்னலோரம் சாவகாசமாகப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்குள்ள மூணு மணி ஆயிடுச்சா? தெரியவே இல்லீங்க," என்றாள்.

பாவி மனுஷன், இதைக் கேட்க இருந்திருக்கலாம்.