இஸ்தான்புல் போய் செருப்புக்குக் காவல் இருந்த கதை

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. ஹாகியா சோபியாவுக்குள்ள போகணும், உள்ள மேல சுவத்துல இருக்குற மாதா படத்தை ஒரு போட்டோ எடுக்கணும். அவ்வளவுதான்.

கோவிட் முடிஞ்சு, நானும் வீட்டுக்காரரும் மலேசியாவுல, கேமரன்மலை கம்போங் ராஜாவுல இருக்குற காய்கறிக் கடையைப் பூட்டிட்டு டூர் கிளம்புனோம். மாமியார் வேற எதுவுமே கேக்கல. "அது அந்தக் காலத்து ராஜா கட்டுன தேவாலயமாம்ல? அப்புறம் மசூதியாயிருச்சாம். ஆனா மாதா இன்னும் அங்கதான் இருக்காங்களாம். ஒரு போட்டோ எடுத்துட்டு வாம்மா"ன்னாங்க.

அதோட விட்டாங்களா? சர்ச்சுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க! போட்டோ இல்லாம திரும்புனா அவங்க மானம் போச்சு. அப்புறம் அந்த வீட்டுல எனக்குச் சோறு இறங்குமா?

கூட வந்த நம்மூரு கைடு பஸ்லயே சொல்லிட்டாரு. "மாதாவுக்கு முன்னால திரை போட்டிருப்பாங்க. ஓரமா நின்னு அண்ணாந்து பாத்தா கொஞ்சம் தெரியும். மத்தியானத் தொழுகைக்கு முந்தி உள்ள போயிடுங்க லா, அப்புறம் டூரிஸ்டை விடமாட்டாங்க."

வாசலுக்கு வந்தா, என் ஷால் ஹோட்டல்லயே கிடக்கு! தலையை மூடாம பொம்பளைங்க உள்ள போகமுடியாது. பேக்குல இருந்தது ஒரு துண்டு. கல்யாணத்துக்கு முந்தி தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுத்தவளாச்சே நான்! அதே மாதிரி நெத்தி வரைக்கும் இறக்கி, பின்னால இறுக்கி ஒரு முடிச்சு. காவலாளி ஒரு மாதிரியா பாத்துட்டு விட்டுட்டாரு.

"இங்கயே நில்லு, டாய்லெட் போயிட்டு ஓடியாந்துடறேன்"னு வீட்டுக்காரரு போனாரு.

நின்னேன். சும்மா நின்னிருக்கலாம்.

கார்ப்பெட்டுக்கு முன்னால ஷூவும் செருப்பும் தாறுமாறா கிடந்துச்சு. எங்க தோட்டத்து லய வீடுகள்ல யார் வீட்டு விசேஷம்னாலும் செருப்பை ஜோடி சேர்த்து வச்சே பழகுன கை. சும்மா இருக்குமா? குனிஞ்சு அடுக்க ஆரம்பிச்சேன்.

தலையில துண்டு, கையில அடுத்தவங்க ஷூ. பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?

ஒரு வெள்ளைக்காரம்மா பூட்ஸைக் கழட்டி என் கையில குடுத்து "தேங்க் யூ"ன்னுட்டுப் போயிருச்சு. பின்னாலயே ஒரு மலாய்க் குடும்பம். நம்ம நாட்டுக்காரங்கதானேன்னு, "நான் இங்க வேலை செய்யலங்க"ன்னு மலாய்லயே சொன்னேன்.

"அட, இங்க மலாய்கூட பேசுறாங்களே!"ன்னு சந்தோஷமா இன்னும் ரெண்டு ஜோடியை நீட்டுனாங்க!

கடைசியா ஒரு துருக்கிப் பெரியவர். பளபளன்னு தோல் ஷூ. நெஞ்சுல கை வச்சு நன்றி சொல்லிட்டுத் தொழப் போயிட்டாரு.

அப்பதான் வீட்டுக்காரரு வர்றாரு. "வா வா, நேரமாச்சு!"

"எப்படிங்க வர்றது? அந்தப் பெரியவரு என்னை நம்பிக் குடுத்துட்டுப் போயிருக்காரு."

"கீழ வச்சுட்டு வா லா!"

"காணாமப் போச்சுன்னா? வயசானவரு வெறுங்காலோடயா வீட்டுக்குப் போவாரு?"

"நீ என்ன இங்க வேலைக்கே சேர்ந்துட்டியா?"ன்னு சிரிச்சவரு, போனை எடுத்து என்னை ஒரு போட்டோ வேற எடுத்தாரு.

அதுக்குள்ள தொழுகைக்குப் பாங்கு சொல்லிட்டாங்க. டூரிஸ்ட் எல்லாரையும் வெளிய அனுப்புனாங்க, அவரையும் சேர்த்து. என்னை மட்டும் காவலாளி ஒண்ணுமே சொல்லல. ஒரு கிளாஸ் டீ கொண்டாந்து குடுத்தாரு! பால் இல்லாத டீ. கேமரன்மலைக்காரி நாக்குக்கே பிடிச்சுப்போச்சுன்னா பாத்துக்குங்க. ஆனா குடிக்கும்போது அழுகை வந்துருச்சு. எட்டிப் பாத்தா முதுகுங்கதான் தெரியுது, மாதாவைக் காணோம்.

தொழுகை முடிஞ்சு பெரியவரு ஷூவை மாட்டுறதுக்குள்ள கைடு போன்ல கத்துறாரு. பஸ் கிளம்புதாம்.

மாமியார் முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு வாடிப்போய் உக்காந்திருந்தேன். வீட்டுக்காரரு மெதுவா, "உன் போட்டோவை அம்மாவுக்கு அனுப்பிட்டேனே"ன்னாரு.

எனக்கு உயிரே போச்சு.

பதில் குரல் மெசேஜா வந்துச்சு. மாமியார் விம்முறாங்க. "மாதா வாசல்ல நின்னு ஊர் செருப்பையெல்லாம் பாத்துக்கிறியாம்மா! இந்தத் தாழ்மை யாருக்கு வரும்? சர்ச்சுல எல்லாருக்கும் காட்டிட்டேன்!"

அவங்க மானம் தப்பிச்சுது, என் சோறும் தப்பிச்சுது.

ஊர் திரும்புனா, மாதா திருவிழாக் கமிட்டியில என் பேரும் ஏறியிருக்கு: செருப்புப் பொறுப்பு.